புதுசு வந்தாச்சு, பழைய கேமராவை என்ன செய்ய? (கேள்வி பதில்)

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கத்து நண்பர்கள் கேட்டவை. பழைய பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) எது, புதுசு எது, கையில் என்ன லென்ஸ், கூலிக்கு எடுக்கிறீர்களா ஆசைக்கு எடுக்கிறீர்களா, இந்த நாலும் இருந்தால்தான் பதில் சொல்ல முடியும்.

தேவகோட்டை, கல்யாண வேலை: அண்ணே, நிக்கான் டி750 வச்சிருந்தேன். இப்ப இசட்6 டூ எடுத்தாச்சு, பழைய லென்ஸை அதுல மாட்டுற எஃப்டிஇசட் அடாப்டரும் இருக்கு. லென்ஸ் 24-70 ஜி, 85 1.8டி, 80-200 2.8டி. டி750-ஐக் கொடுத்துட்டா ஒரு புது லென்ஸுக்கு ஆகும். கொடுக்கவா?

கொடுக்காதீங்க தம்பி. உங்க லென்ஸ்லயே பதில் இருக்கு. 85-ம் 80-200-ம் 'டி' வகை. அவற்றுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது, பாடியில் உள்ள மோட்டார்தான் திருகு வழியாகச் சுற்ற வேண்டும். டி750-ல் அந்த மோட்டார் உண்டு, எஃப்டிஇசட் அடாப்டரில் இல்லை. புது பாடியில் மாட்டினால் அந்த இரண்டையும் கையால்தான் ஃபோகஸ் செய்யணும். மண்டபக் கூட்டத்தில் அது நடக்கிற காரியமில்லை. டி750-ஐ விற்றால் கூடவே இரண்டு நல்ல லென்ஸையும் பாதி விற்ற மாதிரி.

அடுத்தது, திருப்பூட்டு (தாலி கட்டுவது) ஒரே தடவைதான். அந்த நிமிஷம் ஒரு பாடி நின்றுபோனால் தோளில் இன்னொன்று தயாராக இருக்கணும், காருக்குள் இருந்தால் பிரயோஜனமில்லை. இரண்டுக்கும் பேட்டரி குடும்பம் ஒன்றே. டி750-ன் பழைய இஎன்-இஎல்15 இசட்6 டூ-விலும் ஓடும், கேமராவுக்குள் வைத்து யுஎஸ்பியில் சார்ஜ் மட்டும் ஏறாது. ஒரு சார்ஜுக்கு டி750 கம்பெனிக் கணக்கில் 1230 படம். புதியதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான், அதனால் பழைய பேட்டரி ஒன்றையும் கைவிட வேண்டாம்.

இரண்டு பாடி வைத்து எடுக்கிறவர்கள் கோட்டைவிடுவது கடிகாரத்தில். ஒன்று இரண்டு நிமிஷம் பிந்தியிருந்தால் இசைகுடிமானம் (கல்யாண ஒப்பந்தம்) எழுதுகிற படமெல்லாம் கம்ப்யூட்டரில் முன்பின்னாகக் கலந்துவிடும். வேலைக்குக் கிளம்பும் முன் வினாடி ஓடுகிற ஃபோன் கடிகாரத்தை இரண்டு கேமராவிலும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் தெரிந்தால் லைட்ரூமில் ஒரு பாடியின் நேரத்தை மொத்தமாக நகர்த்திவிடலாம். வொயிட் பேலன்ஸை (நிறச் சமன்) இரண்டிலும் ஒரே கெல்வின் எண்ணில் பூட்டுங்கள். ஆட்டோவில் விட்டால் ஒரே பட்டு இரண்டு நிறத்தில் வரும்.

ஷட்டர் எண்ணிக்கை, அதாவது இதுவரை எத்தனை படம் எடுத்தது என்று பாருங்கள். நிக்கான் அதைப் படத்துக்குள்ளேயே எழுதிவைக்கும். கார்டிலிருந்து நேரே எடுத்த ஜேபெக்கை எக்ஸிஃப் (படத்தோடு பதியும் விவரம்) காட்டும் மென்பொருளில் திறந்தால் தெரியும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் இருக்காது. டி750 ஷட்டரைச் சோதித்த கணக்கு 1,50,000. அதைத் தாண்டியும் ஓடும், அதற்கு முன்னாலும் போகலாம். 1,20,000 தாண்டியிருந்தால் இரண்டாவது பாடியாக மட்டும் வையுங்கள்.

கல்லல்: கேனன் 80டி இருக்கு, ஆர்6 வாங்கியாச்சு. லென்ஸ் இஎஃப்-எஸ் 18-135, 10-18. வீட்டு விசேஷம் மட்டும்தான். 80டி சும்மா இருக்கட்டுமே?

சும்மா இருக்கும் என்றால் விற்றுவிடுங்கள், அந்த இரண்டு லென்ஸோடு சேர்த்து. இஎஃப்-எஸ் லென்ஸ் 80டி மாதிரி சின்ன சென்சாருக்குச் செய்தது, ஆர்6 சென்சார் பெரியது. அடாப்டர் போட்டு ஆர்6-ல் மாட்டினால் கேமரா தானாகவே ஓரத்தை வெட்டிவிடும், 20 மெகாபிக்ஸலில் 8-க்கும் குறைவாகத்தான் மிஞ்சும். பாடி, 18-135, சார்ஜர், பெட்டி எல்லாம் சேர்ந்தால் புதிதாகக் கற்றுக்கொள்கிற பையனுக்கு முழு செட். தனித்தனியாக விற்றால் 10-18 கடைசிவரை உங்களிடமே நிற்கும்.

திருப்பத்தூர்: மேலே கேட்டவர் கதைதான் எனக்கும், 80டி, ஆர்6. ஆனா நான் வேட்டங்குடிக்குப் பறவை எடுக்கப் போவேன். 100-400 இருக்கு.

அப்படியானால் கதை வேறு. வையுங்கள். 400-ல் தூரத்து நாரையை ஆர்6-ல் எடுத்து, 80டி காட்டுகிற அளவுக்கு வெட்டினால் சுமார் 8 மெகாபிக்ஸல். 80டி அதே பறவைமேல் 24-ஐ வைக்கிறது, மூன்று மடங்கு. மரத்தில் உட்கார்ந்திருக்கும் நத்தைகுத்தி நாரைக்கு 80டி. பறக்கும்போது ஆர்6, ஏனென்றால் பறவையின் கண்ணைப் பிடித்துக்கொண்டே போகிற வேலை 80டி-க்கு வராது. வெளிச்சம் மங்கி ஐ.எஸ்.ஓ (ஒளியுணர்வு எண்) 3200 தாண்டினால் 80டி-யைப் பையில் போட்டுவிடுங்கள்.

புதுவயல்: டி90 வைக்கவா விற்கவா?

லென்ஸ் என்ன? புதுசு என்ன? முதல் பத்தி.

காரைக்குடி, சேலைக் கடை: கண்டாங்கிச் சேலை படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுறோம். டி90-லிருந்து டி7200 வாங்கினோம். புதுசுலதான் சேலைமேல வானவில் மாதிரி கோடு வருது. புது கேமரா கெட்டதா?

கேமராவில் கோளாறு இல்லை. கண்டாங்கியின் கட்டம் பெரியது, அது ஒன்றும் செய்யாது. சிக்கல் நூலிழையில். இழை வரிசையும் சென்சாரின் புள்ளி வரிசையும் ஏறக்குறைய ஒரே நெருக்கத்தில் விழுந்தால் இல்லாத கோடும் நிறமும் பிறக்கும், இதைத்தான் மொய்ரே என்கிறார்கள். டி90-ல் சென்சாருக்கு முன்னால் படத்தை இம்மியளவு மங்கவைக்கும் வடிகட்டி உண்டு. டி7200-ல் கூர்மைக்காக அதை எடுத்துவிட்டார்கள்.

முதலில் கம்ப்யூட்டரில் 100 சதவீதத்தில் பாருங்கள். கேமராவின் பின்திரையில் படம் சுருங்கித் தெரியும்போதே பொய்க் கோடு வரும். நிஜமாகவே இருந்தால் ஓரடி முன்னே பின்னே நகருங்கள், அல்லது சேலையைச் சற்றுத் திருப்பிப் போடுங்கள். அப்படியும் போகவில்லையென்றால் லென்ஸ் துவாரத்தைச் சின்னதாக்கி எஃப் 16 வைத்து ஸ்டாண்டில் எடுங்கள், அந்தத் துவாரத்தில் படம் தானாகவே கொஞ்சம் மங்கி கோடு அடங்கும். டி90-ஐச் சேலைக்கென்றே கடையில் வைத்துக்கொள்வதும் நல்ல முடிவுதான். அதில் மொய்ரே குறையும், அறவே போகாது.

கண்டனூர்: என் டி80-ஐ விற்கவே மாட்டேன். ஆத்தங்குடித் தரைக்கல்லோட சிவப்பு அதுல வர்ற மாதிரி என் இசட்5-ல வரல. சிசிடி சென்சார் சிசிடி சென்சார்தான்.

வைத்துக்கொள்ளுங்கள், யாரும் பிடுங்கவில்லை. காரணம்தான் தப்பு. பழைய வகை சென்சாரான சிசிடியோ, இப்போதைய வகையான சிமாஸோ, சிலிக்கானுக்கு நிறம் தெரியாது, வெளிச்சத்தின் அளவு மட்டுமே தெரியும். நிறம் வருவது மேலே ஒட்டிய சிவப்பு-பச்சை-நீல வடிகட்டியால், இன்ஃப்ராரெட்டை மறிக்கும் கண்ணாடியால், பிறகு கேமரா போடும் கணக்கால். முற்றத்தில் மேலிருந்து வானத்து நீல ஒளி, பட்டாலைக் கூடத்தில் மஞ்சள் பல்பு. இந்தக் கலவையில் இரண்டு கேமராவின் ஆட்டோவும் இரண்டு முடிவுக்கு வருகின்றன. உங்கள் கண்ணுக்குப் பழைய முடிவு பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

கண்டனூர், மறுபடியும்: லைக்கா எம்9 சிசிடி. இன்னிக்கும் அந்த நிறத்துக்காகத் தேடி வாங்குறாங்களே? அவங்கல்லாம் முட்டாளா?

முட்டாள் என்று சொல்லவில்லை. அதே லைக்காவின் எம்8-ஐ எடுங்கள், அதுவும் சிசிடி. அதில் இன்ஃப்ராரெட்டை மறிக்கும் கண்ணாடி மெல்லியது, கறுப்பு செயற்கைத் துணி கத்தரிப்பூ நிறத்தில் வந்தது. லென்ஸ் முன்னால் தனி ஃபில்டர் போட்டுத்தான் சமாளித்தார்கள். சிசிடிதான் நிறத்துக்குக் காரணம் என்றால் அது ஏன் காப்பாற்றவில்லை?

பள்ளத்தூர்: நடுவுல வர்றேன். நிறத்தை விடுங்க. என் டி40-ல ஃபிளாஷ் 1/500 வினாடி ஷட்டர் வரைக்கும் ஒத்துப்போகுது. புது கேமராவெல்லாம் 1/200-ல நின்னுடுது. இதுவும் சிசிடியாலதானே?

ஆமாம், இது நியாயமான பேச்சு. டி40-ல் வேகமான நேரங்களைத் திரைச்சீலை ஷட்டர் வெட்டுவதில்லை, சென்சாரே மின்னணு முறையில் வெட்டுகிறது, அந்த சிசிடியால் அது முடிந்தது. உச்சிவெயிலில் வீட்டு முகப்பில் ஆளை நிறுத்தி ஃபிளாஷ் போட்டு எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். ஐ.எஸ்.ஓ 200, 1/500 என்றால் எஃப் 10 போதும். 1/200-க்கு இறங்கினால் எஃப் 16 வைக்கணும், அதே ஆளை நிரப்ப ஃபிளாஷ் இரண்டரை மடங்கு ஒளி கொட்டணும். சின்ன ஃபிளாஷ் திணறும். அதிவேக சிங்க் (வேகமான ஷட்டரிலும் ஃபிளாஷை ஒத்துப்போக வைக்கும் முறை) போட்டாலும் ஃபிளாஷின் பலம் குறைந்துவிடும். இந்த ஒரு வேலைக்காக டி40-ஐ வைத்திருப்பவர் விவரமானவர். கவனம், டி80-க்கு இந்த வித்தை கிடையாது, சிசிடியாக இருந்தும் அது 1/200தான்.

கண்டனூர்: என்ன சொன்னாலும் என் கண் பொய் சொல்லாது.

கண்ணைச் சோதித்துவிடலாம். ஒரே லென்ஸ், இரண்டையும் ரா-வில் (கேமரா நிறக் கணக்குப் போடாத மூலக் கோப்பு), ஸ்டாண்டில் வைத்து வளவுத் (உள்முற்றத்) தரையை எடுங்கள். காலை நிழலில் எடுங்கள், ஆத்தங்குடிக் கல் கண்ணாடிமேல் வார்த்த பளபளப்பு, வெயிலில் வானத்தைத்தான் காட்டும். இசட்5 சென்சார் பெரியது, அதை டிஎக்ஸ் (சின்ன சென்சார் அளவு) வெட்டில் வைத்தால் இரண்டிலும் ஒரே அளவு விழும். ஓரத்தில் ஒரு சாம்பல் அட்டை. இரண்டையும் ஒரே மென்பொருளில் திறந்து, அட்டையில் வொயிட் பேலன்ஸ் எடுத்து, ஒரே ப்ரொஃபைல் போட்டு, வெளிச்சத்தைச் சமமாக்கி, ஒரே அளவுக்குச் சுருக்குங்கள். பெயரை மறைத்து வேறொருவரை விட்டுக் காட்டச் சொல்லி, எது டி80 என்று பத்துத் தடவை சொல்லுங்கள். எட்டு சரியாக வந்தால் பேசுவோம். அதோடு வானம் வெளுக்காமல் எடுத்துத் தூண் நிழலை மூன்று ஸ்டாப் (எட்டு மடங்கு வெளிச்சம்) தூக்கியும் பாருங்கள், டி80-ல் சேறாக வரும். சிசிடி பேச்சு இத்தோடு போதும். இதே விஷயமாக வந்த இன்னும் சில கேள்விகளை விட்டுவிட்டேன்.

கானாடுகாத்தான்: விற்க மனசில்ல. ஊர் வீட்டுல பீரோவுல பத்திரமா வச்சிருக்கேன், தோல் உறை போட்டு, பூச்சி வராம பாச்சை உருண்டையும் போட்டிருக்கேன். திருவிழாவுக்கு வரும்போது எடுத்துப்பேன்.

இன்றைக்கே யாரையாவது விட்டு வெளியே எடுக்கச் சொல்லுங்கள். பாச்சை உருண்டையின் ஆவி கண்ணாடிமேலும் பிளாஸ்டிக்மேலும் படியும். அதோடு சேர்த்து வைக்காதே என்று கேமராவோடு வருகிற கையேட்டிலேயே போட்டிருப்பார்கள். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பூஞ்சைக்கு அதைவிட நல்ல வீடு இல்லை. செட்டிநாடு வறண்ட சீமை, பூஞ்சை வராது என்று பலர் நினைக்கிறார்கள். ஐப்பசி கார்த்திகை மழையில், மாதக்கணக்காகப் பூட்டிய வீட்டின் உள்ளறையில் காற்று எங்கே ஓடுகிறது?

மூடியில் ரப்பர் வளையமுள்ள 10-15 லிட்டர் பிளாஸ்டிக் டப்பா, 250 கிராம் சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பத மீட்டர் ஒன்று. மீட்டர் 40-50 சதவீதத்தில் நிற்கணும். 60 தாண்டினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம், 30-க்குக் கீழே போனால் ரப்பரும் கிரீஸும் காயும். நீல ஜெல் இளஞ்சிவப்பானால் 120 டிகிரி அவனில் ஓரிரு மணி நேரம் வைத்தால் மறுபடி நீலமாகும். நீலத்துக்குக் காரணம் கோபால்ட் உப்பு, அதனால் சமைக்கிற பாத்திரத்தில் வறுக்க வேண்டாம்.

பேட்டரியைக் கழற்றி, பாதி சார்ஜில் தனியே வையுங்கள். மாதம் ஒருமுறை போட்டு, எல்லா ஷட்டர் வேகத்திலும் இருபது முப்பது தட்டு தட்டுங்கள். இரண்டு நாள் பேட்டரியை உள்ளேயே விட்டால் உள் கடிகாரமும் சார்ஜ் ஆகும். லென்ஸின் பின்னாலிருந்து டார்ச் அடித்து முன்னால் பாருங்கள். சிலந்தி வலை மாதிரித் தெரிந்தால் அது பூஞ்சை, மற்ற லென்ஸோடு ஒரே டப்பாவில் போடாதீர்கள்.

கோட்டையூர்: கற்பூரம் போடலாமா அப்ப?

கூடாது. அதுவும் ஆவிதான்.

சிங்கம்புணரி: சிராவயல் மஞ்சுவிரட்டுக்குப் புது கேமராவைக் கொண்டுபோகப் பயமா இருக்கு.

பழைய பாடியை வைத்திருக்க இதைவிட நல்ல காரணம் கிடைக்காது. 70-300 மாதிரி ஒரே லென்ஸை வீட்டிலேயே மாட்டிக்கொண்டு போங்கள், பொட்டலில் கழற்றவே கூடாது. மிர்ரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத புது வகை) பல மாடல்களில் லென்ஸைக் கழற்றினால் சென்சார் நேரே வெளியில் நிற்கும், பழையதில் கண்ணாடியும் ஷட்டரும் மறைக்கும். செம்மண் தூசி மாவு மாதிரி. வீட்டுக்கு வந்ததும் துணியால் துடைத்தால் லென்ஸில் கீறும். முதலில் ரப்பர் ஊதி, பிறகு தூரிகை, கடைசியில்தான் துணி.

ஆ.தெக்கூர்: எங்க ஐயா ரங்கூன்லேருந்து கொண்டுவந்த ரோலிஃப்ளெக்ஸ் இருக்கு. ஒரு அக்ஃபா க்ளிக் 3-ம் இருக்கு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு பழம்பொருள் கடையில விலை கேக்கலாமா?

க்ளிக் 3 இந்தியாவிலேயே ஏராளமாக வந்த எளிய கேமரா, நினைவுக்கு வையுங்கள். ரோலிஃப்ளெக்ஸ் வேறு ரகம், மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ் உள்ளது. பழம்பொருள் கடையில் ஷோகேஸ் விலைதான் பேசுவார்கள், ஓடுகிற கேமராவின் விலை அதற்கு மேலே. முதலில் பின்மூடியைத் திறந்து ஒரு வினாடி வேகத்தில் தட்டிப் பாருங்கள். ஷட்டர் திறந்தபடி இழுத்தால் கிரீஸ் காய்ந்திருக்கிறது, சுத்தம் செய்தால் சரியாகும். செல்ஃப் டைமரைத் தொடாதீர்கள், சிக்கிக்கொண்டால் செலவு. பூஞ்சை மேல் லென்ஸில் என்றால் கவலை குறைவு, படம் எடுப்பது கீழ் லென்ஸ்தான். 120 ஃபிலிம் இன்றும் கிடைக்கிறது, ஒரு சுருளுக்கு 12 படம்.

நாச்சியாபுரம்: டி5300 வைக்கவா விற்கவா?
செட்டிநாடு: 700டி வைக்கவா விற்கவா?
புதுவயல்: டி90-க்கு லென்ஸ் 18-105. புதுசு இன்னும் வாங்கல.

மூன்று பேருக்கும் ஒரே பதில். பழைய பாடிக்கு ஒரு வேலையைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள்: கூலி வேலைக்கு இரண்டாவது பாடி, மஞ்சுவிரட்டுத் தூசி, தூரத்துப் பறவை, புதியதில் ஓடாத லென்ஸ். சொல்ல முடிந்தால் வையுங்கள். முடியாவிட்டால் இந்த மாதமே விற்றுவிடுங்கள், அடுத்த வருஷம் விலை இன்னும் கீழே. புதுவயல்காரர் வாங்கிவிட்டு வாருங்கள்.

குன்றக்குடி: நல்ல ட்ரோன் எது?

இங்கே இல்லை.

அரியக்குடி: விற்கிறதுன்னு முடிவாச்சு. கொடுக்குறதுக்கு முன்ன என்ன பண்ணணும்?

மெனுவில் எல்லா செட்டிங்கையும் ரீசெட் செய்யுங்கள். காப்பிரைட் பெயர், சேமித்த வைஃபை, ப்ளூடூத்தில் இணைத்த ஃபோன், இவை பல மாடல்களில் ரீசெட்டில் போகாது, தனித்தனியே அழிக்கணும். எஃப் 16-ல் வெறும் வானத்தை எடுத்து சென்சார் புள்ளிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள், வாங்குகிறவரும் அதைத்தான் செய்வார். உப்பிய பேட்டரி இருந்தால் செட்டில் சேர்க்காதீர்கள்.

அரியக்குடி: மெமரி கார்டை ஃபார்மேட் பண்ணி அதையும் கொடுத்துடவா?

வேண்டாம். கேமராவில் ஃபார்மேட் செய்த கார்டிலிருந்து படத்தை மீட்கும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. கார்டு உங்களிடமே இருக்கட்டும்.