கின்னீஸில் வென்ற குதிரையை எப்சம் டெர்பியிலும் நம்பலாமா?

கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிட முடியாது. இங்கிலாந்தின் நியூமார்க்கெட்டில் நடக்கும் ‘2000 கின்னீஸ்’ என்ற குதிரைப் பந்தயம் நேர்ப்பாதையில் ஒரு மைல் ஓட்டம்; எப்சமில் நடக்கும் டெர்பி பந்தயமோ ஒன்றரை மைல், அதுவும் முதலில் மேடேறி, பிறகு டாட்டன்ஹாம் வளைவை நோக்கி இடப்புறம் திரும்பியபடியே சரிந்து, கடைசி நேர்ப்பாதையிலும் உள்வேலிப் பக்கம் சாய்ந்திருக்கும் தடம். ஆகவே பெற்றோர் வழியில் நெடுந்தூரம் தாங்கும் திறன் உண்டா, சரிவில் நிலைகுலையாமல் ஓடுமா என்பதையே முதலில் பார்க்க வேண்டும். 2009இல் இரண்டையும் வென்ற சீ த ஸ்டார்ஸின் தந்தை கேப் கிராஸ் மைல் ஓட்டக்காரன்தான். ஆனால் தாய் அர்பன் சீ 1993இல் பாரிஸின் ஒன்றரை மைல் ஆர்க் பந்தயத்தை வென்றவள். 1986இல் கின்னீஸை வென்ற டான்சிங் பிரேவ், டெர்பியில் வெகுவாகப் பின்தங்கியிருந்து பாய்ந்து வந்தும், ஷாரஸ்தானி என்ற குதிரையிடம் அரைக் குதிரை நீளத்தில் தோற்றது. என் கணிப்பில் அது குதிரையின் குறையன்று, சவாரியின் குறை. மழையில் தரை இளகிவிட்டால் இந்தக் கணக்கையும் புதிதாகப் போட வேண்டியிருக்கும்.