தம்பியின் சந்தேகம்: காத்திருக்காமல் இப்போதே காட்டுங்கள்

சகோதரி, உங்கள் 18 வயதுத் தம்பி மூன்று மாதமாக நண்பர்களை ஒதுக்கிவிட்டு, ராத்திரி முழுக்க விழித்திருந்து, ஃபோன் கேமராவில் டேப் ஒட்டி, "வெளியே என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள்" என்கிறான், இது வயசுக் கோளாறுதானா என்று கேட்டிருக்கிறீர்கள்.

டேப் ஒட்டுவதைப் பலரும் செய்கிறார்கள். அதை மட்டும் வைத்துப் பயப்பட மாட்டேன். ஆனால் தூக்கம், பழக்கவழக்கம், சந்தேகம் எல்லாம் ஒன்றாக மாறி, 'இவன் நம்ம பையனாகவே இல்லை' என்று வீட்டுக்குத் தோன்றினால் தள்ளிப்போடக் கூடாது. "ஒருவேளை எனக்குத்தான் அப்படித் தோன்றுதோ" என்று அவனே சில நேரம் சொல்கிறான் என்றீர்களே, அது நல்ல விஷயம். அந்தத் தயக்கம் மிச்சமிருக்கும்போதே மனநல மருத்துவரிடம் காட்டுங்கள்.

இப்படி ஆரம்ப அறிகுறி உள்ள பெரும்பாலானவர்களுக்கு அது முழு சைக்கோசிஸாக, அதாவது எது நிஜம், எது பிரமை என்று பிரித்தறிய முடியாத மனநிலையாக, முற்றுவதில்லை. மனச்சோர்வாகவோ பதற்றமாகவோகூட இருக்கலாம். கஞ்சா ஆபத்தைக் கூட்டும். பழக்கம் உண்டா என்று திட்டாமல் கேளுங்கள்.

அப்புறம், "யாரும் பேசவில்லை" என்று வாதாடாதீர்கள், ஆமாம் என்றும் சொல்லாதீர்கள். "அப்படித் தோன்றும்போது ரொம்ப பயமா இருக்குமில்ல?" என்று கேட்டுவிட்டு, அவன் பேசும்வரை சும்மா பக்கத்தில் உட்காருங்கள். டாக்டர் என்றதும் மறுத்தால், "தூக்கமே இல்லையே, அதுக்குக் காட்டலாம் வா" என்று கூப்பிடுங்கள். அது பொய்யில்லை, அவனுக்கும் அதுதானே தொல்லை.

சாவதைப் பற்றிப் பேசினாலோ, ஏதோ குரல் கட்டளையிடுகிறது என்றாலோ அன்றைக்கே அவசர சிகிச்சைக்கு அழைத்துப் போங்கள். அதுவரை தனியாக விடாதீர்கள்.