தம்பியின் பேச்சைப் படிக்க ஒரு பட்டம்

கனெக்டிகட்டிலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். மகள் பதினோராம் வகுப்பு, மதிப்பெண்ணில் குறையில்லை. மகனுக்கு எட்டு வயது, ஆட்டிசம். கல்லூரியில் மொழியையும் ஆட்டிசத்தையும் சேர்த்துப் படிக்கப்போவதாக மகள் சொல்கிறாள். அப்படியொரு மேஜர், அதாவது முதன்மைப் பாடம், எந்தப் பட்டியலிலும் இல்லை. டாலஸிலிருக்கும் பெரியப்பாவோ, "பேசாமல் பி.எஸ்.-எம்.டி.யில் போடு, ஆட்டிசத்துக்கே டாக்டராகட்டும்" என்கிறாராம். பள்ளி முடித்ததும் இளநிலைக்கும் மருத்துவத்துக்கும் சேர்த்தே இடம் தரும் திட்டம் அது.

உங்கள் கவலை புரிகிறது அம்மா. ஆனால் ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்க நேரமில்லை. பெரியப்பா காட்டும் வழி உங்கள் மகளுக்கானது அல்ல. அவர் சொல்கிற டாக்டராக வேண்டுமானால் இளநிலை நான்கு, மருத்துவம் நான்கு, குழந்தை மருத்துவம் மூன்று, அதன்மேல் வளர்ச்சிநிலைச் சிறப்புப் பயிற்சி மூன்று என்று பதினான்கு வருடம். பி.எஸ்.-எம்.டி.யில் ஓரிரு வருடம் மிச்சமாகலாம். அந்த நேர்காணலில் பதினேழு வயதுப் பெண் "நான் டாக்டராகத்தான் வேண்டும்" என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லவேண்டும். உங்கள் நீண்ட கடிதத்தில் அவள் அப்படிச் சொன்னதாக ஒரு வரிகூட இல்லை.

அவள் செய்வதாக நீங்கள் எழுதியிருப்பது வேறு. தாகம் எடுத்தால் தம்பி "தண்ணி வேணுமா?" என்று கேட்கிறான். கோபம் வந்தால் ஏதோ கார்ட்டூனில் வரும் ரயில் அறிவிப்பை ஒப்பிக்கிறான். எந்த வாக்கியம் எந்த நேரத்தில் வந்தது என்று அவள் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவைக்கிறாள். இதை நீங்கள் ஏதோ விளையாட்டுபோல ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

1943-இல் மனநல மருத்துவர் லியோ கன்னர் ஆட்டிசம் உள்ள 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலேயே இது இருக்கிறது: கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வது, தன்னை "நீ" என்று சொல்லிக்கொள்வது. ஆனால் "தண்ணி வேணுமா?" என்பதில் "நான்" என்ற சொல்லும் இல்லை, "நீ" என்ற சொல்லும் இல்லை. கடைசியில் ஒட்டிய "ஆ" ஒன்றுதான், இது அவனிடம் பிறர் கேட்ட கேள்வி என்று காட்டிக்கொடுக்கிறது. ஆங்கிலத்தில் "நீ", "நான்" என்ற சொற்களை எண்ணிப் பார்ப்பவர்கள் தமிழ்க் குழந்தையிடம் எதை எண்ணுவார்கள்? இது நான்கு வருடம் தாங்கக்கூடிய கேள்வி. மருத்துவக் கல்லூரியில் இதற்கு இடமில்லை.

(போகிற போக்கில் ஒன்று: வீட்டில் தமிழை நிறுத்தச் சொல்லிப் பள்ளியில் யாரோ அறிவுரை தந்ததாக எழுதியிருக்கிறீர்கள். நிறுத்தாதீர்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசக் குழந்தையின் பேச்சு கெடுவதாக ஆய்வுகள் காட்டவில்லை.)

கம்ப்யூட்டர் சயின்ஸ், வெறும் சைக்காலஜி இவற்றைப் பற்றி நான் சொல்லப்போவதில்லை. சொல்ல உறவில் ஆட்கள் இருப்பார்கள். உங்கள் வீட்டிலிருந்து காரில் போய்வரும் தூரத்தில், ஸ்டோர்ஸ் ஊரில் இருக்கும் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். அங்கே இண்டிவிஜுவலைஸ்டு மேஜர் என்று ஒன்று உண்டு. மாணவர் தன் மேஜரைத் தானே வரைந்து, பெயரும் தானே வைத்து, ஒப்புதல் வாங்கவேண்டும். குறைந்தது இரண்டு துறைகளிலிருந்து, 2000 அல்லது அதற்கு மேல் எண்ணிட்ட மேல்நிலை வகுப்புகளில் 36 கிரெடிட் (பாட அளவு). வழிகாட்டப் பேராசிரியர்கள். முடிவில் படித்ததைத் திரட்டிக் காட்டும் கேப்ஸ்டோன் வேலை ஒன்று. முன்மொழிவில் கிடுக்கிப்பிடிக் கேள்வி ஒன்று வரும்: இருக்கிற மேஜர்களில் ஒன்றிலோ இரட்டை மேஜரிலோ இதைப் படிக்க முடியாதா? "எனக்கு இரண்டும் பிடிக்கும்" என்பது பதிலாகாது. அந்த நோட்டிலிருக்கும் கேள்வியை எடுத்துவைத்தால் பதிலாகும்.

அந்த வளாகத்தைச் சொல்லக் காரணம் உண்டு. மொழியியல், பேச்சு-மொழி-கேட்டல் அறிவியல், உளவியல் மூன்றும் ஒரே இடத்தில் இருக்கின்றன. சின்னக் குழந்தைகளுக்கு ஆட்டிசம் இருக்கக்கூடுமா என்று பெற்றோரிடம் கேட்கும் எம்-சாட் கேள்விப்பட்டியல், மகனுக்காக நீங்களே ஒருமுறை நிரப்பியிருக்கக்கூடும், 2001-இல் வெளியானது அங்கிருந்த குழுவின் உழைப்பில்தான். பேசாத குழந்தைக்கு எவ்வளவு புரிகிறது என்பதை, இரண்டு படங்களைக் காட்டி, ஒரு வாக்கியத்தை ஒலிக்கவிட்டு, கண் எந்தப் படத்துக்குப் போகிறது என்று அளக்கும் முறையில் லெடிஷியா நைகிள்ஸ் அங்கே ஆண்டுக்கணக்கில் ஆய்வு செய்திருக்கிறார். இப்போது யார் மாணவர்களைச் சேர்க்கிறார்கள் என்று உங்கள் மகளே மின்னஞ்சல் போட்டுக் கேட்கட்டும். நீங்கள் போடக்கூடாது.

பாடப்பட்டியலில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பிடித்ததை மட்டும் அடுக்கினால் பட்டம் வரும், வேலைக்குக் கதவு திறக்காது. அமெரிக்காவில் ஸ்பீச் தெரபிஸ்ட் ஆக முதுநிலைப் பட்டம் வேண்டும். ஆஷா எனப்படும் அமெரிக்கப் பேச்சு-மொழி-கேட்டல் சங்கத்தின் சான்றிதழுக்கு உயிரியல், வேதியியல் அல்லது இயற்பியல், புள்ளியியல், சமூக அறிவியல் ஆகியவற்றில் பாடம் படித்திருக்கவேண்டும். ஒலியியல், பேச்சு உறுப்புகளின் அமைப்பு, குழந்தை மொழி வளர்ச்சி, கேட்டலியல் இவற்றை முதுநிலைச் சேர்க்கையிலேயே பல இடங்களில் கேட்பார்கள். இவை 36 கிரெடிட்டுக்குள்ளோ பொதுப்பாடங்களிலோ அடங்கவேண்டும். அடங்காவிட்டால் பின்னால் ஒரு வருடம் கைக்காசில் படிக்க நேரும். இதோடு ஆட்டிசம் உள்ளவர்களே எழுதியவற்றுக்கு ஒரு பாடமாவது ஒதுக்கச் சொல்லுங்கள். புரிதல் தவறுவது ஒருபக்கக் குறை அல்ல, இருபக்கமும் நடப்பது என்று 2012-இல் எழுதிய டேமியன் மில்டன் ஆட்டிசம் உள்ளவர்தான்.

பணத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பெயர்பெற்ற தனியார் பல்கலைக்கழகங்களில் விடுதியோடு வருடத்துக்கு 85,000 டாலருக்கு மேல் போட்டிருக்கிறார்கள். உதவித்தொகை கிடைக்காமல் அதைக் கடனில் கட்டுவது தவறு. முன்னால் இரண்டு வருட முதுநிலைச் செலவும் நிற்கிறது. மாநிலத்தவருக்கான கட்டணத்தில் ஸ்டோர்ஸ் அதில் பாதிக்கும் கீழே வரும். அவளது உயர்நிலைப் பள்ளியில் அந்தப் பல்கலைக்கழகத்தின் ஏர்லி காலேஜ் எக்ஸ்பீரியன்ஸ் வகுப்புகள் (பள்ளியிலேயே படிக்கும் கல்லூரிப் பாடங்கள்) இருந்தால் பன்னிரண்டாம் வகுப்பில் புள்ளியியலை அங்கேயே முடித்துவிடலாம். கட்டணம் மிகக் குறைவு. வேலையைப் பற்றிக் கேட்கும் பெரியப்பாவுக்கு ஒரு எண்: அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகத்தின் 2023 மே மாதக் கணக்கில் ஸ்பீச் தெரபிஸ்டின் இடைநிலை ஆண்டு ஊதியம் 89,290 டாலர். டாக்டர் சம்பளம் இல்லைதான். டாக்டர் கடனும் இல்லை.

இன்னொன்றிலும் கறாராக இருப்பேன். "நாளைக்குத் தம்பியைப் பார்த்துக்க ஆச்சு" என்று வீட்டில் யாரும் இந்தப் படிப்பைப் பற்றிப் பேசக்கூடாது. உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தியில் அந்தத் தொனி இருக்கிறது. அவள் எடுத்துக்கொண்டிருப்பது ஒரு கேள்வியை; உங்கள் மகனின் எதிர்காலப் பொறுப்பை அல்ல. அவனுக்கான சேமிப்பு, பாதுகாவலர் ஏற்பாடு எல்லாம் நீங்களும் உங்கள் கணவரும் வழக்கறிஞரோடு உட்கார்ந்து முடிக்கவேண்டியவை. மனம் மாறினால் மாறட்டும். முன்மொழிவை முதல் வருடத்திலேயே தரவேண்டிய அவசியமில்லை, மொழியியலும் உளவியலும் தொட்டுப் பார்த்துவிட்டு அவள் முடிவெடுக்கலாம்.

விசா நிலை பற்றி நீங்கள் எழுதவில்லை. கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறீர்கள், மகள் எச்-4 (எச்-1பி ஊழியரின் குடும்பத்தினருக்கான விசா) என்றால், 21 வயதில் அவள் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற நேரலாம். எஃப்-1இல் பட்டம் முடித்தபின் ஓ.பி.டி. என்ற வேலை அனுமதி ஒரு வருடம், ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் உள்ள படிப்பென்றால் மேலும் இரண்டு வருடம். அந்தப் பட்டியலில் வருமா என்பதைத் தீர்மானிக்கும் குறியீட்டு எண்ணாகத் தானே வரைந்த மேஜருக்கு எதைப் போடுவார்கள், மாநிலக் கட்டணம் அவளுக்குப் பொருந்துமா, இரண்டையும் பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்தப் பதில் வந்தபின் எனக்கு மறுபடி எழுதுங்கள். அடுத்த கடிதத்தை அவளே எழுதினால் இன்னும் நல்லது.