'எய்டு வேண்டாம்' என்று டிக் போடச் சொன்னால் கேட்காதீர்கள்

சார், நீங்கள் எழுதியதைப் படித்தேன். கரூரில் பெட்ஷீட்டும் திரைச்சீலையும் தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட், வருமான வரிக் கணக்கில் ஆண்டுக்கு 8 லட்சத்துச் சொச்சம், பாப்பா பிளஸ் ஒன், கணக்கிலும் இயற்பியலிலும் கெட்டி, அமெரிக்காவில் போய் இன்ஜினியரிங் படிக்க ஆசை. ஒரு கன்சல்டன்சியில் போய் உட்கார்ந்தால், "விண்ணப்பத்தில் நிதியுதவி வேண்டாம் என்று போட்டுவிடலாம், கேட்டால் சீட் தர மாட்டார்கள், உள்ளே போன பிறகு கேட்டு வாங்கிக்கொள்ளலாம்" என்கிறார்கள். இது சரியா என்பது உங்கள் கேள்வி.

சரியில்லை. ஆனால் முழுப் பொய்யும் இல்லை, அதனால்தான் இத்தனை பெற்றோர் இதை நம்பிவிடுகிறார்கள். பெரும்பாலான அமெரிக்கக் காலேஜ்களில் வெளிநாட்டு மாணவர் நிதியுதவி கேட்டால் வாய்ப்பு குறையும், அது உண்மை. வேண்டாம் என்று போட்டுவிட்டு அப்புறம் கேட்கலாம் என்பதுதான் தப்பு. ஸ்டான்ஃபோர்டு இதை ஒளிவுமறைவில்லாமல் எழுதியே வைத்திருக்கிறது: வெளிநாட்டு மாணவர் விண்ணப்பிக்கும்போது உதவி கேட்கவில்லை என்றால் நான்கு வருஷமும் கேட்க முடியாது. இன்னும் பல காலேஜ்களில் இதே விதிதான், அல்லது இதைவிடக் கொஞ்சம் மட்டும் தளர்வானது. இந்த மாதிரி தனியார் காலேஜ்களில் ஃபீஸ், தங்குமிடம், சாப்பாடு, காப்பீடு எல்லாம் சேர்த்து இப்போது ஆண்டுக்கு 90,000 டாலரை ஒட்டி வருகிறது. நம் பணத்தில் 75 லட்சத்துக்கு மேல், நான்கு வருஷத்துக்கு 3 கோடி. சீட் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்த 3 கோடிக்கு எங்கே போவீர்கள்? யூனிட்டையும் வீட்டையும் சேர்த்து அடமானம் வைத்தாலும் வராது.

அதனால் கேட்பதா வேண்டாமா என்று யோசிக்காதீர்கள். கேட்டே ஆக வேண்டும். எந்தக் காலேஜிடம் கேட்பது என்பதில்தான் மூளையைச் செலவழிக்க வேண்டும்.

முதலில் ஒரு சின்னக் கூட்டம் இருக்கிறது. மாணவர் எந்த நாட்டுக்காரர், அவருக்குப் பணம் தேவையா என்பதைப் பார்க்காமலே சீட்டை முடிவு செய்வார்கள், சீட் கொடுத்துவிட்டால் தேவைப்படும் முழு உதவியையும் கொடுப்பார்கள். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹெர்ஸ்ட் ஆகியவை இதைப் பல வருஷமாகச் செய்கின்றன. 2022-இல் டார்ட்மத்தும் போடனும் சேர்ந்தன, அதற்குப் பிறகு பிரவுனும் நோட்ர டேமும். இன்னும் ஓரிரண்டு இருக்கலாம், பட்டியல் மாறிக்கொண்டே இருப்பதால் விண்ணப்பிக்கும் வருஷத்தில் ஒவ்வொரு காலேஜின் சொந்தத் தளத்திலும் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே உதவி கேட்பதால் ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் உள்ளே போவது எவ்வளவு கஷ்டம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். எம்ஐடியில் வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிப்பவர்களில் 100-க்கு ஏறத்தாழ 2 பேருக்குத்தான் இடம். அந்த 98 பேரிலும் பள்ளியில் முதல் ரேங்க் வாங்கியவர்கள் நிறையப் பேர். விண்ணப்பிக்கட்டும், ஆனால் இதை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

இரண்டாவது கூட்டம் இதைவிடப் பெரியது. ஸ்டான்ஃபோர்டு, கார்னெல், கொலம்பியா, பென்சில்வேனியா, பொமோனா, ஸ்வார்த்மோர், ஸ்மித் எல்லாம் இதில் வரும். வெளிநாட்டு மாணவர்களுக்கு என்று ஒதுக்கிய பணம் இவ்வளவுதான், அதற்குள் எத்தனை பேரை எடுப்பது என்று கணக்குப் போட்டு எடுப்பார்கள். எடுத்தவர்களைக் கைவிட மாட்டார்கள், ஆனால் எடுக்கும் முன் உங்கள் தேவையைப் பார்ப்பார்கள். 8 லட்சம் வருமானக் குடும்பம் என்றால் ஏறக்குறைய முழுச் செலவும் அவர்கள் தலையில்தான், அதனால் அங்கே போட்டி இன்னும் இறுகும். இந்தக் கூட்டத்தில் இந்தியர்களுக்கென்றே சில கதவுகள் உண்டு. கார்னெலில் டாடா உதவித்தொகை என்று ஒன்று இருக்கிறது, ஒரே நேரத்தில் ஏறத்தாழ 20 இந்திய இளநிலை மாணவர்களை அது தாங்குகிறது.

மூன்றாவது, பெர்க்லி, யுசிஎல்ஏ மாதிரி அரசுப் பல்கலைக்கழகங்கள். பெயர் பெரிது, ஆனால் வெளிநாட்டு மாணவருக்குத் தேவை அடிப்படையில் ஒரு டாலர்கூட எதிர்பார்க்க முடியாது. உங்கள் பட்டியலில் பெர்க்லி இருக்கிறது, எடுத்துவிடுங்கள். விண்ணப்பக் கட்டணமாவது மிச்சமாகும்.

கன்சல்டன்சி பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். சில காலேஜ்கள் மாணவரைச் சேர்த்துவிட்டால் ஏஜென்ட்டுக்கு கமிஷன் கொடுக்கின்றன, மேலே சொன்ன பெயர்கள் எதுவும் அந்த ரகம் இல்லை. அதனால்தான் உங்கள் கையில் திணிக்கும் பிரசுரங்களில் நீங்கள் கேள்விப்படாத பெயர்களாக இருக்கின்றன, கூடவே '20,000 டாலர் ஸ்காலர்ஷிப் உறுதி' என்று பெரிய எழுத்தில். மொத்தச் செலவு 60,000 டாலர் இருக்கும் இடத்தில் 20,000 தள்ளுபடி போக மீதி 40,000 நீங்கள் கட்ட வேண்டும், வருஷாவருஷம். ஸ்காலர்ஷிப் எவ்வளவு என்று கேட்காதீர்கள், அது போக என் கையிலிருந்து எவ்வளவு போகும் என்று மட்டும் கேளுங்கள். பதில் உடனே வராவிட்டால் எழுந்து வந்துவிடலாம். இலவசமாக ஆலோசனை வேண்டும் என்றால் அமெரிக்க அரசின் எஜுகேஷன்யுஎஸ்ஏ மையம் சென்னையில் இருக்கிறது, அவர்களுக்கு யாரிடமும் கமிஷன் கிடையாது.

இப்போது, ஸ்வார்த்மோர், ஸ்மித் என்றால் 'ஆர்ட்ஸ் காலேஜுக்கா இவ்வளவு தூரம்' என்று நீங்கள் கேட்பீர்கள், எல்லா அப்பாக்களும் கேட்கிறார்கள். லிபரல் ஆர்ட்ஸ் காலேஜ் என்பது நம் ஊர் கலைக்கல்லூரி இல்லை. இளநிலை மாணவர்களை மட்டுமே மையமாக வைத்து நடக்கும் சின்னக் காலேஜ், மொத்தமே ஏறக்குறைய இரண்டாயிரம் மூவாயிரம் பேர் இருப்பார்கள், வகுப்பை ஆராய்ச்சி மாணவர் எடுக்காமல் பேராசிரியரே எடுப்பார். இயற்பியலும் கம்ப்யூட்டர் சயின்ஸும் ஏறக்குறைய எல்லா இடத்திலும் உண்டு. ஸ்வார்த்மோரில் இன்ஜினியரிங் பட்டமே இருக்கிறது. ஸ்மித் பெண்கள் காலேஜ், அங்கேயும் இன்ஜினியரிங் உண்டு. ஊரில் யாருக்கும் பெயர் தெரியாது, கல்யாண வீட்டில் சொன்னால் 'எங்கே?' என்பார்கள், அது ஒன்றுதான் குறை. பணம் இருக்கும் இடம் என்று பார்த்தால் இவைதான் பல நேரம் நல்ல இடம். கென்டக்கியில் பெரியா என்று ஒரு காலேஜ் இருக்கிறது, அங்கே யாருக்குமே டியூஷன் ஃபீஸ் கிடையாது, பதிலுக்கு எல்லா மாணவர்களும் வாரத்துக்குக் குறைந்தது 10 மணி நேரம் வளாகத்தில் வேலை செய்ய வேண்டும். வெளிநாட்டிலிருந்து எடுப்பது கொஞ்சம் பேரைத்தான், ஆனால் பட்டியலில் வைக்கலாம்.

ஆவணங்கள். இங்கேதான் நம் ஆட்கள் சறுக்குகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பெரும்பாலான காலேஜ்கள் சிஎஸ்எஸ் புரொஃபைல் என்ற படிவத்தைக் கேட்கும். எஸ்ஏடி என்ற நுழைவுத் தேர்வை நடத்தும் காலேஜ் போர்டுதான் இதையும் நடத்துகிறது. சில காலேஜ்கள் தங்கள் சொந்தப் படிவத்தை வைத்திருக்கின்றன. சிஎஸ்எஸ்ஸுக்குக் கட்டணம் உண்டு, ஒவ்வொரு காலேஜுக்கும் தனித்தனியாக, கட்ட முடியாது என்று காலேஜின் நிதியுதவி அலுவலகத்துக்கு ஒரு மெயில் போட்டால் சில இடங்களில் விலக்குக் குறியீடு தருவார்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். விண்ணப்பக் கட்டணத்துக்கும் இதே மாதிரி விலக்குக் கேட்கலாம். எஃப்ஏஎஃப்எஸ்ஏ என்று யாராவது சொன்னால் கண்டுகொள்ளாதீர்கள், அது அமெரிக்கர்களுக்கான அரசு உதவிப் படிவம்.

படிவத்தில் வருமானம், சேமிப்பு, வீடு, நிலம், தொழிலின் மதிப்பு, வீட்டில் எத்தனை பேர், இன்னும் எத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள் எல்லாம் கேட்பார்கள். தாசில்தார் கொடுக்கும் வருமானச் சான்று இங்கே தனியாக நிற்காது. உங்கள் வருமான வரிக் கணக்கு, யூனிட்டின் லாப நஷ்டக் கணக்கு, வங்கி ஸ்டேட்மென்ட் ஆகிய மூன்றும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். வரிக் கணக்கில் 8 லட்சம், வங்கியில் வருஷத்துக்கு 60 லட்சம் ஓடுகிறது என்றால் அது யூனிட்டின் விற்றுமுதல், நூலுக்கும் கூலிக்கும் போய்விடுகிறது என்பது உங்களுக்குத் தெரியும், மாசசூசெட்ஸில் உட்கார்ந்து பார்ப்பவருக்குத் தெரியாது. சிறப்புச் சூழ்நிலையை விளக்க ஒரு இடம் விட்டிருப்பார்கள், அதில் இதை நாலு வரியில் எழுதுங்கள். ஏற்றுமதி ஆர்டர் குறைந்தது, தாத்தாவின் மருத்துவச் செலவு எல்லாம் அங்கேதான் போக வேண்டும். உங்கள் ஆடிட்டரை இப்போதே ஒரு முறை பாருங்கள், ஏனென்றால் அவர்கள் பார்க்கப் போவது பழைய வருஷத்துக் கணக்கை, அதைப் படிவம் நிரப்பும் அக்டோபரில் மாற்ற முடியாது. அண்ணன் பேரில் இருக்கும் நிலத்தையெல்லாம் எழுத வேண்டாம், உங்கள் பேரில் இருப்பதை மறைக்கவும் வேண்டாம். பொய் என்று தெரிந்தால் கொடுத்த சீட்டையே திரும்ப எடுத்துக்கொள்வார்கள்.

அவர்கள் கணக்கு எளிமையானது: மொத்தச் செலவில், அவர்கள் மதிப்பீட்டின்படி உங்களால் கட்ட முடிந்ததைக் கழித்தால் மீதி உதவி. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் ஆகியவற்றில் அந்த உதவியில் கடன் கிடையாது, எல்லாமே திருப்பித் தர வேண்டாத பணம். பாப்பா வளாகத்திலேயே நூலகத்திலோ உணவகத்திலோ வேலை பார்த்துக் கொஞ்சம் சம்பாதிக்க வேண்டியிருக்கும். மாணவர் விசாவில் பருவம் நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரம் வரை அதற்கு அனுமதி உண்டு.

பாப்பாவின் பக்கம். ஹார்வர்ட், எம்ஐடி, ஸ்டான்ஃபோர்டு எல்லாம் இப்போது மறுபடி எஸ்ஏடி அல்லது ஏசிடி தேர்வு மதிப்பெண் கேட்கின்றன, அதனால் ஆகஸ்டுக்குள் ஒரு முறை எழுதிவிடுவது நல்லது. காமன் ஆப் என்ற பொது விண்ணப்பம் ஆகஸ்ட் 1-இல் திறக்கும், எம்ஐடிக்குத் தனி விண்ணப்பம். அதில் 650 வார்த்தைக்குள் ஒரு கட்டுரை. தயவுசெய்து வறுமையைக் கண்ணீராக எழுத விடாதீர்கள், பணம் பற்றிச் சொல்ல நிதிப் படிவம் இருக்கிறது, கட்டுரை பிள்ளையின் மூளையைக் காட்டுவதற்கு. நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், யூனிட்டின் கூலிக் கணக்கை ஒன்பதாம் வகுப்பிலிருந்து அவள்தான் பார்க்கிறாள், துணி வெட்டும்போது வீணாவதைக் குறைக்க ஏதோ கணக்குப் போட்டுக் கொடுத்தாள் என்று. சார், அதுதான் விஷயம்! ஆன்லைனில் காசு கட்டி வாங்கிய பத்துச் சான்றிதழைவிட அது பெரிது. காமன் ஆப்பின் செயல்பாடுகள் பட்டியலில் 10 இடம் உண்டு, குடும்பப் பொறுப்பு என்றே ஒரு வகையும் இருக்கிறது.

பள்ளியில் இரண்டு பாட ஆசிரியர்களும் தலைமையாசிரியரும் பரிந்துரைக் கடிதம் தர வேண்டும். நம் பள்ளிகளில் 'நல்ல மாணவி, ஒழுக்கமானவள்' என்று மூன்று வரி எழுதி சீல் வைத்துக் கொடுத்துவிடுவார்கள். அது போதாது. அவள் வகுப்பில் என்ன கேட்டாள், எந்தக் கணக்கை எப்படிப் போட்டாள் என்று ஆசிரியர் எழுத வேண்டும். பாப்பாவையே போய், கோடை விடுமுறைக்கு முன்னால், மெதுவாக விளக்கிச் சொல்லச் சொல்லுங்கள்.

நவம்பர் 1-ஐ ஒட்டி முன்கூட்டிய விண்ணப்பம், ஜனவரி முதல் வாரத்தை ஒட்டிப் பொது விண்ணப்பம், முடிவு மார்ச் கடைசியில், மே 1-க்குள் பதில் சொல்ல வேண்டும். இதில் 'எர்லி டிசிஷன்' என்ற வகையில் கிடைத்தால் போயே ஆக வேண்டும் என்ற ஒப்பந்தம் உண்டு, உதவி போதவில்லை என்றால் மட்டும் விலகலாம். இரண்டாவது கூட்டத்துக் காலேஜ் ஒன்றில் அவளுக்கு நிஜமாகவே மனசு இருந்தால் இதைப் பயன்படுத்தலாம். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டனின் முன்கூட்டிய வகை கட்டாயப்படுத்தாது, ஆனால் அங்கே போட்டால் அதே நேரத்தில் வேறு தனியார் காலேஜில் முன்கூட்டிப் போட முடியாது.

இங்கே ஜேஇஇயையும் டிஎன்இஏ கவுன்சிலிங்கையும் விடவே கூடாது. நல்லவேளை, காலம் இடிக்கவில்லை, அமெரிக்க முடிவு மார்ச்சில் தெரிந்துவிடும், நம் கவுன்சிலிங் அதற்குப் பிறகுதான். டிசம்பர் கடைசியில் கட்டுரைகளும் ஜனவரி ஜேஇஇயும் ஒன்றன் மேல் ஒன்று விழும், அதற்காகக் கட்டுரைகளைத் தீபாவளிக்கு முன்பே முடித்துவிட வேண்டும். விசாவுக்கு இப்போதே தூக்கம் கெட வேண்டாம். காலேஜ் தரும் ஐ-20 படிவத்திலேயே உதவித்தொகை எழுதியிருக்கும், மீதித் தொகைக்கு மட்டும் நீங்கள் கணக்குக் காட்டினால் போதும்.

இந்த மாதம் ஒரே ஒரு வேலை. பெரும்பாலான காலேஜ்கள் 'காமன் டேட்டா செட்' என்று ஒரு ஆவணம் வெளியிடும், காலேஜ் பெயரோடு தேடினால் வந்துவிடும். அதில் எச்6 என்ற பகுதியைப் பாருங்கள், எத்தனை வெளிநாட்டு மாணவர்களுக்கு உதவி கொடுத்தார்கள், சராசரியாக எத்தனை டாலர் என்று இருக்கும். பி2 பகுதியில் மொத்தம் எத்தனை வெளிநாட்டு மாணவர்கள் என்று இருக்கும். நூறு பேரில் எழுபது பேருக்கு 70,000 டாலர் சராசரி என்றால் அது உங்களுக்கான காலேஜ், ஐந்து பேருக்கு 15,000 என்றால் இல்லை. பாப்பாவை உட்கார வைத்து இருபது காலேஜுக்கு ஒரு எக்செல் போடச் சொல்லுங்கள். கூலிக் கணக்குப் போடுகிற பிள்ளைக்கு இது ஒரு சாயங்கால வேலை. அதை எனக்கு அனுப்புங்கள், எந்தப் பத்தை வைத்துக்கொள்வது என்று சேர்ந்து பார்க்கலாம். அதுவரை கன்சல்டன்சிக்கு முன்பணம் எதுவும் கட்டாதீர்கள்.