அவசர காலத்துக்கு வீட்டில் என்ன இருப்பு வைக்கலாம்? முதலில் தண்ணீர், அப்புறம்தான் அரிசி

"திடீரென்று ஒரு நெருக்கடி வந்தால் சமாளிக்க வீட்டில் என்னென்ன வாங்கி வைக்க வேண்டும், எத்தனை நாளைக்கு? கோவையில் வாடகை வீடு, நாலு பேர், அதில் ஒருவர் வயதானவர்" என்பது கேள்வி. நான் இருப்பது திருப்பூர், பிறந்த வீடு கவுந்தப்பாடிப் பக்கம். அதனால் நம் கொங்குப் பகுதியை மனதில் வைத்தே சொல்கிறேன். கடலோர மாவட்டங்களுக்கு என்று போடும் பட்டியல் நமக்கு அப்படியே பொருந்தாது. நமக்குப் புயல் வருவது அபூர்வம். கரண்ட் போவது, குழாயில் தண்ணி வராமல் இருப்பது, கடை அடைப்பது, இந்த மூன்றும்தான் நமக்கு அடிக்கடி வருகிற கஷ்டம். ஆற்றங்கரையில் குடியிருப்பவர்களுக்கு வெள்ளமும் சேரும்.

கடைக்குப் போவதற்கு முன்னால், உங்கள் வீட்டில் எது முதலில் நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள். பல பேர் அரிசி மூட்டையில் தொடங்குகிறார்கள். மாதச் சாமான் வாங்கும் எந்த வீட்டிலும் அரிசி சட்டென்று தீராது. கரண்ட் போனால் மோட்டார் ஓடாது, மோட்டார் ஓடாவிட்டால் மாடித் தொட்டி ஒரே நாளில் காலி. இங்கே போர்வெல் ஆயிரம் அடிக்குப் போகிறது, கிணறு மாதிரி சேந்தி எடுக்க வழியில்லை. தண்ணி இல்லாமல் அரிசியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதனால் என் பதிலில் பெரும் பங்கு தண்ணிக்குத்தான்.

புழங்குவதற்குப் போர்வெல் உப்புத் தண்ணி, குடிக்கவும் சமைக்கவும் குழாயில் வரும் நல்ல தண்ணி என்பது இங்கே எல்லா வீட்டு வழக்கம். கோவைக்கு நல்ல தண்ணி சிறுவாணியிலிருந்தும் பில்லூரிலிருந்தும் வருகிறது. அது தினமும் வருவதில்லை. 2017 கோடையில் சிறுவாணி வற்றியபோது தண்ணி விடும் இடைவெளி எப்படி நீண்டது என்று கோவைக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். அதனால் நான் வைத்திருக்கும் கணக்கு இதுதான்: உங்கள் தெருவுக்கு முறைத் தண்ணி எத்தனை நாளைக்கு ஒரு தரம் வருகிறதோ, அதற்கு மேல் மூன்று நாளைக்குக் கையில் இருக்க வேண்டும். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 4 லிட்டர் என்றால் நாலு பேருக்கு ஒரு நாளைக்கு 16 லிட்டர். மூன்று நாளைக்கு 48 லிட்டர், அதாவது சுமார் நாலு குடம். வழக்கமாகப் பிடிக்கும் குடங்களுக்கு மேல் இந்த நாலு குடம். குளிக்க, துவைக்க, கக்கூசுக்கு எல்லாம் இது போக ஆளுக்குக் குறைந்தது பத்துப் பன்னிரண்டு லிட்டராவது உப்புத் தண்ணி டிரம்மில் வேண்டும்.

பிடித்து வைப்பதோடு வேலை முடியாது. டெங்கு பரப்பும் கொசு சாக்கடையில் முட்டை இடுவதில்லை, நாம் பத்திரமாகப் பிடித்து வைக்கும் நல்ல தண்ணியில்தான் இடுகிறது. முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால் வாரம் ஒரு தரம் குடத்தையும் டிரம்மையும் காலி செய்து, உள் சுவரைத் தேங்காய் நார் போட்டு நன்றாகத் தேய்த்து, வெயிலில் கவிழ்த்துக் காயவைத்துவிட்டு அப்புறம் நிரப்ப வேண்டும். தண்ணியை மட்டும் மாற்றினால் போதாது, முட்டை பாத்திரத்தின் உள் சுவரில் ஒட்டிக்கொண்டு இருக்கும். மூடி சரியாக உட்காராத டிரம்முக்குப் பழைய வேட்டித் துணியை இழுத்துக் கட்டினால் போதும். தண்ணி கலங்கலாக வந்தால் தெளியவிட்டு வடிகட்டி, நன்றாகக் கொதி வந்த பிறகும் ஒரு நிமிஷம் அடுப்பிலேயே விட்டு இறக்குங்கள்.

நிலத்தொட்டி இருக்கும் வீடுகளில் பலரும் மறப்பது ஒரு கயிறும் வாளியும். தொட்டி நிறையத் தண்ணி இருக்கும், மோட்டார் ஓடாது, எடுக்க ஒன்றும் இருக்காது. எங்கள் வீட்டில் சின்ன வாளி ஒன்று நைலான் கயிறோடு தொட்டி மூடிக்குப் பக்கத்துச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. அதை வேறு எந்த வேலைக்கும் எடுக்கக்கூடாது என்று அத்தை கறாராகச் சொல்லி வைத்திருக்கிறார்கள். மோந்து முடித்ததும் மூடியைப் போட்டுவிட வேண்டும், குழந்தைகள் உள்ள வீட்டில் இது மிக முக்கியம். தண்ணி அடியில் கிடக்கிறதே என்று யாரும் தொட்டிக்குள் இறங்கவும் வேண்டாம். மூடிக் கிடந்த தொட்டியில் மூச்சு முட்டி உயிர் போகும்.

இனி சாப்பாடு. அவசரத்துக்கு என்று தனியாக ஒரு பெட்டி நிறைய வாங்கி மூலையில் வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அது வண்டு பிடிக்கும், தேதி முடியும். வீட்டில் தினமும் சாப்பிடுவதையே ஒரு சுற்று முன்னால் வாங்கி வையுங்கள். நாலு பேருக்கு ஒரு நாளைக்கு ஒன்றரைக் கிலோ அரிசி என்றால் 25 கிலோ சிப்பம் இரண்டு வாரத்துக்குத் தாராளமாக வரும். ஓடுகிற சிப்பம் பாதியாகும்போதே அடுத்ததை வாங்கிவிடுங்கள், காலியாகும்வரை காத்திருக்க வேண்டாம். துவரம்பருப்பு நாலு கிலோ, கொள்ளு, பச்சைப்பயறு, தட்டைப்பயறு ஒவ்வொரு கிலோ, கடலெண்ணெய் இரண்டு லிட்டர், உப்பு, புளி, வரமிளகாய், மஞ்சள்தூள், நாட்டுச் சர்க்கரை. புதுசு பின்னால், பழசு முன்னால். இருப்பு கெடாமல் இருக்க இது ஒன்றே போதும்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ராகியும் கம்பும் முழுசாக இருந்தால் மாதக்கணக்கில் நிற்கும், மாவாக்கிவிட்டால் நிற்காது. கம்பு மாவு சீக்கிரமே காறிவிடும். ஆனால் முழுத் தானியத்தை மாவாக்க மாவு மில்லுக்குக் கரண்ட் வேண்டும். 2012ல் கோவை, திருப்பூர், ஈரோடு பக்கமெல்லாம் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் போன காலத்தில், மில்லில் கரண்ட் வரும் நேரம் பார்த்துத் தூக்குப்போசியோடு வரிசையில் நின்றோம். இட்லி தோசைக்கும் இதே கதைதான், கிரைண்டர் ஓடினால்தான் மாவு. அதனால் அரைக்க வேண்டாத சாமான் கொஞ்சம் எப்போதும் இருக்க வேண்டும்: அவல், ரவை, சேமியா, பொட்டுக்கடலை, வறுத்த நிலக்கடலை. அவலை நனைத்து நாட்டுச் சர்க்கரையும் தேங்காயும் போட்டுக் கொடுத்தால் அடுப்பே பற்ற வைக்காமல் குழந்தைகளுக்கு ஒரு வேளை முடிந்தது.

அடுப்பு உண்டு, மற்றபடி ஒன்றும் இல்லை என்ற நாளுக்கு நம்ம ஊர் அரிசியும் பருப்பும் சாதம் இருக்கிறது. அரைப்பு இல்லை, காய் வேண்டியதில்லை, ஒரே பாத்திரம். கடலெண்ணெயில் சீரகம், மிளகு, பூண்டு, சின்ன வெங்காயம், வரமிளகாய் தாளித்து, மஞ்சள்தூள் போட்டு, அரிசியும் துவரம்பருப்பும் சேர்த்துக் குக்கரில் வைத்தால் கேஸும் மிச்சம், கழுவுகிற தண்ணியும் மிச்சம். அதற்கு வேண்டிய எல்லாமே கெடாத சாமான். சின்ன வெங்காயம்கூட காற்றோட்டமாகப் பரப்பி வைத்தால் பல வாரம் நிற்கும்.

வருஷச் சாமான் வாங்கி வைப்பது நம் பெரியவர்களுக்குப் புதுசே கிடையாது. மாசி, பங்குனியில் புதுப்புளி வந்ததும் கொட்டை எடுத்து உப்புப் போட்டுப் பானையில் அடைப்பார்கள். துவரையைச் செம்மண் குழைத்துப் பிசறி, ராத்திரி குவித்து வைத்து, மறுநாள் வெயிலில் காயப்போட்டால் வண்டு அண்டாது. எங்கள் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) பயறு மூட்டைக்குள் காய்ந்த வேப்பிலையும் நொச்சி இலையும் போட்டு வைப்பார்கள். நான் அரிசி டிரம்மில் இன்றும் வேப்பிலைதான் போடுகிறேன். தாது வருஷப் பஞ்சத்தில், 1876க்கு அப்புறம், கோவை, சேலம் மாவட்டங்கள் பட்ட பாட்டை வழி வழியாகக் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். குதிரில் தானியம் இல்லாமல் இருப்பதை அவர்களால் தாங்கவே முடியாது.

அடுப்பைப் பற்றிச் சுருக்கமாக. இரண்டாவது சிலிண்டர் வாங்க முடிந்தால் வாங்கி வையுங்கள், ஒன்று தீர்ந்த அன்றே பதிவு செய்யுங்கள். இண்டக்ஷன் அடுப்பு கரண்ட் இல்லாத நாளில் உதவாது. வாசலில் இடம் இருந்தால் மூன்று செங்கல்லும் கொஞ்சம் தென்னை மட்டையும் போதும். கரி அடுப்பையோ ஜெனரேட்டரையோ மூடிய வீட்டுக்குள் வைக்கவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

வெளிச்சத்துக்கு டார்ச்சும் சார்ஜ் லைட்டும் வாங்குங்கள், மெழுகுவர்த்தியைக் குறையுங்கள். சித்திரை, வைகாசியில் சூறைக்காற்று அடித்தால் வாழையோடு சேர்ந்து மின்கம்பமும் சாய்கிறது, தோட்டத்து வீடுகளுக்குக் கரண்ட் வர ஒன்றிரண்டு நாள்கூட ஆகும். அந்த இருட்டில் கட்டுவிரியன் மேல் கால் வைத்துவிடாமல் இருக்க டார்ச்சு கட்டிலுக்குக் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பாம்பு கடித்தால் வீட்டு மருந்து எதுவும் கிடையாது. கட்டுப் போட வேண்டாம், கீற வேண்டாம், கடிபட்ட கை காலை அசைக்காமல் 108ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

உங்கள் வீட்டில் வயதானவர் இருப்பதால் மருந்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பிரஷர், சுகர் மாத்திரை எப்போதும் ஒரு மாதத்துக்கு முன்னால் இருக்கட்டும், அட்டை பாதியாகும்போதே வாங்கிவிடுங்கள். மருந்துச் சீட்டை போட்டோ எடுத்து வைப்பதோடு ஒரு ஜெராக்ஸும் போட்டு வையுங்கள், போனில் சார்ஜ் இல்லாவிட்டால் போட்டோ எங்கே தெரியும்? இன்சுலின் போடுகிறவர் என்றால், பிரிக்காத மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கரண்ட் போனதும் ஃபிரிட்ஜைத் திறக்காமல் விட்டால் சுமார் நாலு மணி நேரம் குளிர் நிற்கும். அதற்கு மேல் போனால், பெரிய மண்பானைக்குள் ஈர மணல் போட்டு, நடுவில் சின்னப் பானையை வைத்து, அதற்குள் மருந்தைப் பையில் சுற்றி வையுங்கள். ஃபிரிட்ஜ் அளவுக்குக் குளிராது, ஆனால் கோடை வெக்கையிலிருந்து காப்பாற்றும். நிழலில் காற்று படும் இடமாகப் பார்த்து வைத்து, மணல் காயாமல் தண்ணி தெளிக்க வேண்டும். வயிற்றுப்போக்குக்கு ஓஆர்எஸ் பொட்டலம் சில இருக்கட்டும். இல்லாவிட்டால் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணியில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டையும் தலைதட்டி அளந்து போட்டுக் கலக்கிக் கொடுக்கலாம். பெண்களுக்கான நாப்கினும் சேர்த்து வாங்குங்கள், பட்டியல் போடுகிறவர்கள் பெரும்பாலும் இதை விட்டுவிடுகிறார்கள்.

ரொக்கமும் கொஞ்சம் வேண்டும், பத்து, இருபது, ஐம்பது, நூறு ரூபாய்த் தாளாக. டவர் போய்விட்டால் மளிகைக் கடையில் ஸ்கேன் செய்ய முடியாது. பழைய ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்த 2016 நவம்பர் 8க்கு அப்புறம் சில்லறை நோட்டு வைத்திருந்தவர்கள்தான் பால் வாங்கினார்கள்.

எப்போது வாங்குவது? சாதாரண நாளில், கூட்டமில்லாத நேரத்தில். கொரோனா சமயத்தில், 2020 ஏப்ரல் 24ஆம் தேதி அறிவிப்பு வந்தது, 26ஆம் தேதியிலிருந்து கோவையில் நாலு நாள், திருப்பூரிலும் சேலத்திலும் மூன்று நாள் முழு ஊரடங்கு. நடுவில் இருந்தது 25ஆம் தேதி ஒன்றுதான். தொற்றுக்குப் பயந்து போட்ட ஊரடங்குக்காக ஊரே தோளோடு தோள் இடித்துக்கொண்டு காய்கறிக் கடையில் நின்றது. வீட்டில் மூன்று நாள் சாமான் இருந்தவர்களுக்கு அன்று வெளியே போக வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அவர்கள் போகாததால், வேறு வழியில்லாதவர்களுக்குக் கடையில் இடமும் சாமானும் கிடைத்தது. செய்தியைக் கேட்டுவிட்டுப் பத்துக் கிலோ பருப்பை அள்ளிக்கொண்டு வந்தால், அது யாரோ ஒருவருக்கு இல்லாமல் போகிற பருப்பு.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குச் சனிக்கிழமை வாரச் சம்பளம். அன்று சாயங்காலம் வாங்கும் சாமான்தான் அடுத்த சனி வரைக்கும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து லைன் வீட்டில் ஒரே அறையில் நாலைந்து பேராகத் தங்கியிருக்கும் பிள்ளைகளுக்குச் சாமான் வைக்க இடமும் இல்லை. அவர்களிடம் போய் ஒரு மாத இருப்பு வையுங்கள் என்று சொல்வது நியாயமில்லை. ஒரு வாரம் அரைக் கிலோ பருப்பு, ஒரு வாரம் அவல், ஒரு வாரம் எண்ணெய் என்று வழக்கத்துக்கு மேல் ஒரே ஒரு சாமான் சேர்த்தால், மூன்று மாதத்தில் ஒரு வாரத்துக்கான இருப்பு சேரும். லைன் வீட்டுக்காரர்கள் சேர்ந்து பலகாரச் சீட்டு மாதிரி மளிகைச் சீட்டு போட்டு மொத்தமாக வாங்கினால் விலையும் குறையும். நாம் இருப்புக் கணக்குப் போடும்போது பக்கத்து வாசலில் உள்ள ஒரு வீட்டுக்கும் சேர்த்துப் போட்டால், அவசரத்தில் "அக்கா, கொஞ்சம் அரிசி இருக்குதுங்களா" என்று வருகிறவரிடம் இல்லை என்று சொல்ல வேண்டியிருக்காது.

பவானி, குமாரபாளையம், பள்ளிபாளையம் மாதிரிக் காவிரிக் கரையில் இருப்பவர்களுக்கு மட்டும் கணக்கு வேறு. மேட்டூர் 120 அடி நிரம்பிவிட்டால் வருகிற தண்ணி அப்படியே கீழே இறங்கும். 2018, 2022 ஆகஸ்டில் கரையோர வீடுகளுக்குள் தண்ணி புகுந்தது இப்படித்தான். அங்கே கிலோ கணக்கில் சேர்ப்பதைவிட, தூக்கிக்கொண்டு கிளம்ப ஒரு பை தயாராக இருப்பது முக்கியம். ரேஷன் கார்டு, ஆதார், பட்டா, பாஸ்புக், பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாம் தண்ணி புகாத கவரில், மாத்திரை, ஒரு மாற்றுத்துணி, டார்ச்சு, ரொக்கம். தானியத்தைப் பரணில் ஏற்றிவிடுங்கள். ஒலிபெருக்கியில் சொன்னதும் கிளம்புங்கள், தண்ணி வாசலுக்கு வரட்டும் என்று பார்க்க வேண்டாம்.

கடைசியாக எண்கள். போனில் இருந்தாலும் ஒரு தாளில் எழுதிச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒட்டிவிடுங்கள்: ஆம்புலன்ஸ் 108, எல்லா அவசரத்துக்கும் 112, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077, கேஸ் கசிவுக்கு 1906, கரண்ட் புகாருக்கு மின்னகம் 94987 94987. அதற்குக் கீழே உங்கள் குடும்ப டாக்டர், தெருவில் தண்ணி திறந்து விடுபவர், கேஸ் ஏஜென்சி, பக்கத்து வீடு ஆகியோரின் எண்களையும் எழுதுங்கள். வீட்டில் இருக்கும் பெரியவர் கண்ணாடி போடாமலே படிக்கிற அளவுக்கு எழுத்து பெரிதாக இருக்கட்டும்.