புது ரத்தக்குழாய் ஸ்கேனில் தெரியுமா?

கேள்வி: பக்கவாதம் வந்தவர்களின் மூளையில் புது ரத்தக்குழாய்கள் முளைக்கின்றனவா என்று மூன்று மாதம் பின்தொடர்ந்து பார்க்கும் ஆய்வைத் தொடங்குகிறோம். 3 டெஸ்லா எம்.ஆர்.ஐ. கருவி இருக்கிறது. ஆஞ்சியோ (ரத்தக்குழாய்களைக் காட்டும் ஸ்கேன்) மட்டும் எடுத்தால் போதுமா? எந்தெந்த நாளில் எடுப்பது?

பதில்: போதாது. புதிதாக முளைப்பவை தந்துகிகள், அதாவது மிக மெல்லிய ரத்தக்குழாய்கள். அவற்றின் விட்டம் 5 முதல் 10 மைக்ரோமீட்டர்தான். கான்ட்ராஸ்ட் (ரத்தத்தைப் படத்தில் எடுத்துக்காட்டும் மருந்து) போடாத எம்.ஆர். ஆஞ்சியோவில் ஒரு வாக்செல்லே (படத்தின் மிகச்சிறிய கட்டம்) ஏறத்தாழ அரை மில்லிமீட்டர், அதாவது தந்துகியைப் போல 50 முதல் 100 மடங்கு அகலம். மூன்றாம் மாத ஆஞ்சியோவில் முன்பு இல்லாத கிளை ஒன்று தெரிந்தால், அது பெரும்பாலும் அடைப்பு நீங்கித் திறந்த பழைய குழாயாக இருக்கும். இல்லையென்றால் முன்பே இருந்து இப்போது அகன்றுவிட்ட கொலாட்டரல், அதாவது சுற்றுவழிக் குழாய். இரண்டுமே நல்ல செய்திதான், ஆனால் நீங்கள் தேடுவது அதுவல்ல.

ஆகவே குழாயைப் பார்க்க முடியாது, அது விட்டுச்செல்லும் தடயத்தை அளக்கலாம்: ரத்த ஓட்டம், ரத்தக் கொள்ளளவு (திசுவில் இருக்கும் ரத்தத்தின் அளவு), குழாய்களின் சராசரிப் பருமன்.

ஓட்டத்துக்கு ஏ.எஸ்.எல். (ஆர்ட்டீரியல் ஸ்பின் லேபிளிங்) முறை. ஊசி தேவையில்லை, எத்தனை முறை வேண்டுமானாலும் எடுக்கலாம். கழுத்தில் ரத்தத்துக்கு காந்தக் குறியிட்டு, அது மூளைத் திசுவுக்குப் போய்ச் சேரும்வரை காத்திருந்து படம் எடுக்கிறோம். நோயாளிகளுக்கு வழக்கமான காத்திருப்பு 2000 மில்லிசெகண்ட். பக்கவாத மூளையில் சிக்கலே இங்கேதான். கொலாட்டரல் வழியாகச் சுற்றிவரும் ரத்தம் அந்த நேரத்துக்குள் திசுவை எட்டாமல் தமனியிலேயே நிற்கும். படத்தில் தமனி பளிச்சென்று வளைந்து தெரியும், பக்கத்துத் திசு இருண்டு கிடக்கும். மூன்று மாதம் கழித்து அடைப்பு திறந்திருந்தால் அதே திசு வெளிச்சமாகும். எதுவும் முளைத்திருக்காது, ரத்தம் நேரத்துக்கு வந்திருக்கும், அவ்வளவுதான். இந்த ஏமாற்றத்தைத் தவிர்க்க 500 முதல் 3000 மில்லிசெகண்ட் வரை ஐந்தாறு காத்திருப்புகளில் எடுத்து, வந்துசேரும் நேரத்தையும் ஓட்டத்தையும் சேர்த்தே கணக்கிடுங்கள். அதற்கு மேல் நீட்டினால் பலன் குறைவு; 3 டெஸ்லாவில் ரத்தத்தின் டி1 (குறி மங்கும் வேகத்தைத் தீர்மானிக்கும் காலம்) சுமார் 1650 மில்லிசெகண்ட் என்பதால் குறியே மங்கிவிடும்.

ஓட்டம் கூடியதை மட்டும் வைத்து எதையும் சொல்லிவிடாதீர்கள். அடைப்பு திறந்த முதல் வாரத்தில் திசுவின் தேவைக்கு மீறியே ரத்தம் பாயும். ‘லக்ஸுரி பெர்ஃப்யூஷன்’ என்பது இதுதான். செத்த திசுவிலும் வரும்.

தந்துகியையும் பெரிய குழாயையும் பிரித்துச் சொல்வது கான்ட்ராஸ்ட் பெர்ஃப்யூஷன், அதாவது கான்ட்ராஸ்ட் மருந்து திசு வழியாகப் பாய்வதை அளக்கும் ஸ்கேன். கான்ட்ராஸ்ட் மருந்தான கடோலினியம் உடல் எடை கிலோவுக்கு 0.1 மில்லிமோல், முழங்கை மடிப்புச் சிரையில் நொடிக்கு 4 முதல் 5 மில்லி வேகத்தில், உடனே 20 மில்லி சலைன். கிரேடியன்ட் எக்கோ, ஸ்பின் எக்கோ என்ற இரு வகை எம்.ஆர். சிக்னல்களையும் ஒரே ஸ்கேனில் பதியும் சீக்வென்ஸ் (ஸ்கேன் நிரல்) வேண்டும். கிரேடியன்ட் எக்கோ எல்லாப் பருமன் குழாய்களையும் காட்டும். ஸ்பின் எக்கோ தந்துகி அளவுக் குழாய்களுக்கே கூர்மை. கிரேடியன்ட் எக்கோ கொள்ளளவு மட்டும் ஏறினால் பெரிய குழாய்கள் விரிந்திருக்கின்றன. ஸ்பின் எக்கோ கொள்ளளவு ஏறி, சராசரிப் பருமன் இறங்கினால்தான் தந்துகி வளர்ச்சி என்று சந்தேகிக்க இடமுண்டு. புதுக்குழாய்கள் கசியும், கசிவுத் திருத்தம் செய்யாவிட்டால் கொள்ளளவு பொய்யாகக் குறைந்தோ கூடியோ காட்டும். கசிவையே சான்றாகக் கொள்ளவும் முடியாது, ஏனென்றால் ரத்த-மூளைத் தடுப்பு (ரத்தத்தில் உள்ளவை மூளைக்குள் கசியாமல் காக்கும் குழாய்ச்சுவர்) உடைந்தாலும் கசியும். சிறுநீரக வடிகட்டு வேகம் (ஈ.ஜி.எஃப்.ஆர்.) நிமிடத்துக்கு 30 மில்லிக்குக் கீழே இருந்தால் ரேடியாலஜிஸ்ட்டைக் கேட்காமல் ஊசி போடக் கூடாது.

நாட்கள்: முதல் 24 முதல் 72 மணி நேரத்துக்குள் ஒன்று, பிறகு 7-ஆம் நாள், 1 மாதம், 3 மாதம். முதல் ஸ்கேனின் டிஃப்யூஷன் படத்தில் (புதிய சேதத்தைக் காட்டும் எம்.ஆர். படம்) சேதப் பகுதியைச் சுற்றி 5 முதல் 10 மி.மீ. விளிம்பு வரைந்து, அதையே எல்லா ஸ்கேன்களுக்கும் பொருத்துங்கள். ஒவ்வொரு முறையும் புதிதாக வரைவதுதான் அதிகம் நடக்கும் தவறு. 3 முதல் 5 நாளில் வீக்கம் உச்சத்தில் இருக்கும், மூன்றாம் மாதம் திசு சுருங்கி அங்கே மூளைத் தண்டுவட நீர் நிற்கும். நீர் கலந்த வாக்செல்களை நீக்காவிட்டால் ஓட்டம் குறைந்ததாகத் தோன்றும். எதிர்ப்பக்க மூளையின் அதே இடத்தோடு விகிதம் எடுங்கள். சாம்பல் பகுதியைச் சாம்பல் பகுதியோடு மட்டும். காஃபின் ஓட்டத்தைக் குறைக்கும், ஆகவே ஒவ்வொரு வருகையிலும் ஒரே கட்டுப்பாடு வையுங்கள். ரத்த அழுத்தத்தையும் ஹெமட்டோக்ரிட்டையும் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் விகிதம்) குறித்துக்கொள்ளுங்கள்.

முளைத்ததை நேரில் காட்டியே ஆகவேண்டும் என்றால் எலி ஆய்வுக்குத்தான் போகவேண்டும்: மண்டையோட்டில் ஜன்னல் வைத்து இரு-ஃபோட்டான் நுண்ணோக்கி, பிறகு திசுவில் ரத்தக்குழாய்ச் சுவர்ச் செல்களைக் காட்டும் சிடி31 சாயம். அங்கேயும் ஐசோஃப்ளூரேன் மயக்கம் ரத்தக்குழாய்களை விரிக்கும், மயக்க மருந்தின் அளவை மாற்றாதீர்கள்.

பணமும் நேரமும் குறைவென்றால், பல காத்திருப்பு ஏ.எஸ்.எல்.-ஐ நான்கு முறையும் எடுங்கள், கான்ட்ராஸ்ட்டை 7-ஆம் நாளிலும் மூன்றாம் மாதத்திலும் மட்டும் வையுங்கள்.