பெண் கல்விக்கான யுனெஸ்கோ பரிசுக்கு எங்கள் குழு நேரடியாக விண்ணப்பிக்கலாமா?

காரைக்குடிப் பக்கம், படிப்பை நிறுத்திய பெண்பிள்ளைகளுக்கு மூன்று வருடமாக மாலை வகுப்பு எடுப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். நேரடியாக முடியாது. நம் பெயரை நாமே அனுப்ப அந்தப் பரிசில் இடமில்லை. அரசு பரிந்துரைக்க வேண்டும். இல்லாவிட்டால் யுனெஸ்கோவோடு முறைப்படி கூட்டு வைத்திருக்கும் தொண்டு நிறுவனம் பரிந்துரைக்க வேண்டும். வேலை குறைந்தது இரண்டு வருடம் நடந்திருக்க வேண்டும், அது உங்களுக்குச் சரி. 2016-ல் முதன்முறை கொடுத்தபோது இரண்டு பேருக்குத் தலா 50,000 டாலர். ஒன்று ஜிம்பாப்வே மாணவிகள் அமைப்பு, இன்னொன்று இந்தோனேசிய அரசுத் துறை. யாரோடு மோதப்போகிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். (பணம் சீனா தருவது. அதை வைத்துச் சண்டை போட வருகிறவர்கள் வேறு பதிலுக்குப் போகவும்.)

பரிந்துரைக்க ஆள் கிடைத்தாலும் காகிதத்தில் மாட்டுவீர்கள். நான் மாட்டினேன்.

1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு அறிவொளி இயக்கம் வந்தது, எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிற இயக்கம். செட்டிநாடு என்றால் சிவகங்கை மாவட்டம் மட்டும் என்று நினைப்பவர்களுக்கு: ராயவரம், கடியாபட்டி எல்லாம் புதுக்கோட்டைக் கணக்கு. ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிள் பழகிய காலம் அது. என் முட்டியில் தழும்பு இன்னும் இருக்கிறது. எனக்குப் பத்தொன்பது வயது, அதில் வகுப்பு எடுத்தேன். கடியாபட்டிக்குப் பக்கத்து ஊர். பெரிய வீட்டு ஆச்சி ஒருவர், "திண்ணை சும்மாத்தானே கெடக்கு, உக்காந்து படிங்க" என்று சொல்லிவிட்டார். வந்தவர்கள் பெரும்பாலும் குவாரியில் ஜல்லி உடைக்கிற பெண்கள், 31 பேர்.

அதில் ஒரு அக்கா சாக்பீஸைச் சுத்தியல் மாதிரி பிடிப்பார். வகுப்பு முடிவதற்குள் நாலு துண்டாகிவிடும். ஒரு நாள், "எங்க வீட்டுக்காரர் பேரை எழுதிக் காட்டு" என்றார். பேர் என்ன என்றால் வாயால் சொல்ல மாட்டார். மூக்குக்கு முன்னால் கையைத் தும்பிக்கை மாதிரி ஆட்டினார். கணபதியா? இல்லை. விநாயகமா? இல்லை. கணேசன் என்றதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அன்றைக்கு ஆத்தங்குடிக் கல் பதித்த தரை முழுக்க 'கணேசன்', 'கணெசன்', 'கனேசன்'. மறுநாள் காலையில் ஆச்சி என்னைக் கூப்பிட்டு, "யாருத்தா அந்தக் கணேசன்?" என்றார்.

எல்லாவற்றையும் ஒரு நீள நோட்டில் எழுதிவைத்தேன். யார் எந்தத் தேதியில் வந்தார், எந்த எழுத்து வரை வந்தது. இடப்பக்கம் முதல் நாள் வைத்த கைநாட்டு, வலப்பக்கம் ஆறு மாதம் கழித்துப் போட்ட கையெழுத்து. நோட்டு ஆச்சி வீட்டு அலமாரியில் இருந்தது. எனக்குக் கல்யாணமாகி வெளியூர் போனேன். ஆச்சி போனபின் பங்காளிகள் பாகம் பிரிக்க முடியாமல் வீட்டையே விற்றார்கள். தேக்குத் தூண், நிலை, பெல்ஜியம் கண்ணாடி எல்லாம் லாரி ஏறியது. நோட்டு பழைய பேப்பரோடு எடைக்குப் போயிற்று.

தூணைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். பர்மாவிலிருந்து கப்பலில் வந்த மரத்தை எவனோ அறுத்துக் காப்பிக் கடை மேசையாக்கி, அதில் 'பாரம்பரியம்' என்று பலகை வேறு வைத்திருக்கிறான். வயிறு எரிகிறது. வாங்குகிறவர்களைச் சொல்லவில்லை, விற்கிறவர்களுக்கும் கஷ்டம் இருக்கும், தெரியும்.

சரி. பல வருடம் கழித்து ஒரு தனியார் விருதுக்கு என் பெயரைச் சிலர் அனுப்பினார்கள். பெயர் வேண்டாம். போனில் பேசிய தம்பி, "தொடக்க நிலைப் பதிவு இருக்கா மேடம்? ஃபோட்டோ?" என்றார். 1991-ல் அந்தத் திண்ணைக்கு எந்தக் கேமரா வந்தது! வாய்வார்த்தை செல்லாது என்று முடித்துவிட்டார். அவர் வேலையை அவர் பார்த்தார், குறை சொல்லவில்லை. 'விருதுக்கு ஏங்கியவள்' என்று யாராவது எழுதுவீர்கள். ஏங்கினேன்தான், கொஞ்சம்.

உங்கள் பிள்ளைகள் வகுப்புக்கு வந்த முதல் நாள் எழுதிய தாளைத் தூக்கிப் போடாதீர்கள். தேதி போட்டு, ஃபோனில் படம் எடுத்து, தாளையும் உங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். இன்னொருவர் வீட்டு அலமாரி வேண்டாம். அந்த 31 பெயரை நேற்று எழுதிப் பார்த்தேன், 22-க்கு மேல் வரவில்லை.